பிலிப்பீன்ஸ் பிரம்புச் சண்டைக் கலை - நிஜ ஆபத்தில் கைகொடுக்குமா?

டிக்டாக்கிலோ யூடியூபிலோ இந்தக் காட்சி உங்கள் கண்ணில் பட்டிருக்கலாம்.

இருவர் எதிரெதிரே நிற்கிறார்கள். ஆளுக்கு இரண்டு பிரம்பு. டக், டக், டக் என்று மெதுவாகத் தொடங்குகிறது. வேகம் கூடுகிறது. கொஞ்ச நேரத்தில் எந்தக் கை எங்கே போகிறது என்றே தெரியவில்லை. கடைசியில் ஒருவர் ரப்பர் கத்தியால் குத்த வருகிறார். மற்றவர் ஒரே திருப்பில் அதைப் பிடுங்கிவிடுகிறார்.

"செம!" என்று லைக் போட்டுவிட்டு நகர்ந்துவிடுவோர் பலர். சிலருக்கு ஆசை வரும். "நாமும் கத்துக்கலாமே, ராத்திரி தனியா வீட்டுக்கு வர்றப்போ உதவுமே?"

அந்த ஆசையில் தவறில்லை. பிலிப்பீன்ஸின் கம்பு, கத்திக் கலைகள் உலகம் முழுக்க மதிக்கப்படுபவை. ஆனால் வீடியோவில் பார்ப்பதற்கும் நிஜமான கத்திக்கும் இடையே பெரிய தூரம் உண்டு. அந்தத் தூரம் தெரியாமல் கற்றுக்கொள்வது, ஒன்றும் தெரியாமல் இருப்பதைவிட ஆபத்தாகிவிடலாம்.

சரி, இந்தக் கலை என்ன? எதற்கு உதவும்? எதற்கு உதவாது? பார்ப்போம்.

ஒரு கலை, மூன்று பெயர்

ஆர்னிஸ், எஸ்கிரிமா, காலி. மூன்றுமே ஏறக்குறைய ஒரே குடும்பத்தைக் குறிக்கும் பெயர்கள்.

'எஸ்கிரிமா' என்பது வாள்வீச்சைக் குறிக்கும் ஸ்பானியச் சொல்லிலிருந்து வந்தது. 'ஆர்னிஸ்' என்ற பெயருக்கும் மூலம் ஸ்பானிய மொழிதான். போர்க் கவசத்தைக் குறிக்கும் சொல் அது. 'காலி' என்ற பெயர் அமெரிக்காவில் அதிகம் பரவியது. அது எங்கிருந்து வந்தது என்பதில் ஆய்வாளர்களிடையே ஒருமித்த கருத்து இல்லை. நம் காளி அம்மனோடு அதை முடிச்சுப் போடுவோரும் உண்டு. அதற்குச் சான்று எதுவும் இல்லை.

2009ஆம் ஆண்டு டிசம்பர் மாதம் பிலிப்பீன்ஸ் அரசாங்கம் ஆர்னிஸைத் தேசியத் தற்காப்புக் கலையாகவும் தேசிய விளையாட்டாகவும் சட்டப்படி அறிவித்தது. அப்போதைய அதிபர் குளோரியா மக்கபாகல் அரோயோ அந்தச் சட்டத்தில் கையெழுத்திட்டார். 2019இல் பிலிப்பீன்ஸ் ஏற்று நடத்திய தென்கிழக்காசிய விளையாட்டுப் போட்டியில் ஆர்னிஸுக்கு மட்டும் 20 தங்கப் பதக்கங்கள் ஒதுக்கப்பட்டிருந்தன.

மெகல்லனின் வலக்கை

இந்தக் கலையைப் பற்றிப் பேசும்போதெல்லாம் ஒரு கதை வந்துவிடும்.

1521ஆம் ஆண்டு ஏப்ரல் 27ஆம் தேதி. கடற்பயணி மெகல்லன், செபுவுக்கு அருகே உள்ள மக்தான் தீவில் லாபுலாபு என்ற தலைவரின் வீரர்களோடு மோதினார். அங்கேயே மாண்டார்.

"பிரம்பை வைத்தே ஸ்பானியர்களை அடித்துத் துரத்தினார்கள்" என்று இணையத்தில் பல இடங்களில் படிக்கலாம். ஆனால் மெகல்லனுடன் சென்ற பிகாஃபெட்டா எழுதிவைத்த குறிப்பில் இருப்பவை ஈட்டி, அம்பு, பெரிய வாள். பிரம்புச் சண்டை அதில் இல்லை.

அந்தக் குறிப்பில் வேறொரு செய்தி இருக்கிறது. மெகல்லன் தம் வாளை உருவ முயன்றார். பாதி வரைதான் வந்தது. கையில் மூங்கில் ஈட்டி பாய்ந்திருந்ததால் அதற்கு மேல் அவரால் உருவ முடியவில்லை. அதன் பிறகுதான் காலில் வெட்டு விழுந்து கீழே சாய்ந்தார்.

கையை முடக்கினால் ஆயுதம் தானாகவே முடங்கிவிடும். இன்றைய எஸ்கிரிமா வகுப்புகளில் முதலில் சொல்லித்தரும் பாடங்களில் இதுவும் ஒன்று. பின்னால் இதற்கு மீண்டும் வருவோம்.

வயலில் இருந்த கத்தி

ஸ்பானியர்கள் பிலிப்பீன்ஸை 300 ஆண்டுகளுக்கு மேல் ஆண்டார்கள். அவர்கள் இந்தக் கலையைத் தடை செய்தார்கள், மக்கள் அதை நாடகத்துக்குள்ளும் நடனத்துக்குள்ளும் ஒளித்துவைத்துக் காப்பாற்றினார்கள் என்பது பரவலாகச் சொல்லப்படும் கதை. எந்த அளவுக்கு உண்மை என்பதில் ஆய்வாளர்கள் கருத்து வேறுபடுகிறார்கள்.

ஆனால் ஒன்று நிச்சயம். கத்தி அங்கே எப்போதும் கைக்கெட்டும் தூரத்தில் இருந்தது. 'போலோ' என்று அழைக்கப்படும் அந்தக் கத்தி நம் வட்டாரத்துப் பாராங் கத்தியின் உறவுக்காரன். புல் வெட்ட, தேங்காய் உரிக்க, கரும்பு வெட்ட, புதர் அழிக்க எல்லாவற்றுக்கும் அதுதான். தினமும் கையில் இருக்கும் பொருளை எப்படி வீசுவது என்று கற்றுக்கொள்ளத் தனிப் பள்ளிக்கூடம் தேவைப்படவில்லை. அப்பா மகனுக்கும் மாமா மருமகனுக்கும் சொல்லிக்கொடுத்தார்கள்.

1901ஆம் ஆண்டு சாமார் தீவின் பாலாங்கிகா ஊரில், அங்கு முகாமிட்டிருந்த அமெரிக்கப் படையினரை ஊர் மக்கள் திடீரென்று தாக்கினார்கள். அவர்கள் கையில் இருந்தது பெரும்பாலும் போலோ. அதில் 48 அமெரிக்கப் படைவீரர்கள் மாண்டனர். பதிலடியாக அமெரிக்கப் படை அந்தத் தீவில் பெரும் அழிவை ஏற்படுத்தியது. ஊர்த் தேவாலயத்தின் மணிகளையும் எடுத்துச்சென்றது. அவை 2018இல்தான் திருப்பித் தரப்பட்டன.

இந்தக் கலையின் வேர் இங்கே இருக்கிறது. மேடையில் ஆடிக்காட்டும் அழகுக்காக அது வளரவில்லை. வெட்டினால் என்ன ஆகும் என்று நன்றாகத் தெரிந்தவர்கள் வளர்த்த கலை அது.

செபுவிலிருந்து கலிஃபோர்னியாவுக்கு

1932இல் செபு நகரில் 'டோசே பாரெஸ்' என்ற சங்கம் தொடங்கப்பட்டது. குடும்பத்துக்குள் இருந்த கலை வெளியாருக்கும் திறந்துவிடப்பட்டதில் அதற்குப் பெரும் பங்கு உண்டு. அந்தச் சங்கத்தின் காக்கோய் கன்யேட்டே 2016இல் 96 வயதில் காலமானார். முதுமையிலும் கம்பைக் கீழே வைக்காதவர் என்று அவரைப் பற்றிச் சொல்வார்கள்.

அதே நகரில் 1952இல் வெனான்சியோ பாக்கோன் 'பாலிந்தவாக்' பிரிவைத் தொடங்கினார். சங்கம் இருந்த தெருவின் பெயரே கலையின் பெயர் ஆகிவிட்டது. ஒற்றைக் கம்பு, மிக நெருக்கமான தூரம், இதுதான் அதன் அடையாளம். பின்னர் ரெமி பிரெசாஸ் 'நவீன ஆர்னிஸ்' முறையை உருவாக்கினார். பழைய வகுப்புகளில் எதிராளியின் கையையே அடித்துப் பழகுவார்களாம். காயத்துக்குப் பயந்து மாணவர்கள் ஓடிவிடாதிருக்க, கம்போடு கம்பு மோதும் பயிற்சியை அவர் முன்னிறுத்தினார்.

இன்னொரு பக்கம், பிலிப்பினோ தொழிலாளர்கள் பிழைப்புத் தேடி ஹவாயியின் கரும்புத் தோட்டங்களுக்கும் கலிஃபோர்னியாவின் பண்ணைகளுக்கும் போனார்கள். கலையும் கூடவே போனது. கலிஃபோர்னியாவின் ஸ்டாக்டன் நகரில் 1966ஆம் ஆண்டு ஏஞ்சல் கபாலெஸ் பொதுமக்களுக்கான எஸ்கிரிமா பள்ளியைத் திறந்தார். அதே ஸ்டாக்டனில் பிறந்தவர் டேன் இனோசாண்டோ. புரூஸ் லீயின் நண்பர், மாணவர். 1973இல் வந்த 'என்டர் தி டிராகன்' படத்தில் புரூஸ் லீ இரட்டைக் குச்சிகளைச் சுழற்றுவாரே, ஞாபகம் இருக்கிறதா? ஹாலிவுட்டுக்கு இந்தக் கலை போன பாதையில் இனோசாண்டோவின் கைவரிசை உண்டு. ஜேசன் பார்ன் படங்களில் பேனாவையும் சுருட்டிய இதழையும் வைத்துப் போடும் சண்டைகளும் இந்தக் குடும்பத்தைச் சேர்ந்தவைதான்.

ஏன் கம்பில் ஆரம்பிக்கிறார்கள்?

கராத்தே, தேக்குவாண்டோ வகுப்பில் முதல் நாள் வெறுங்கைதான். ஆயுதம் என்றால் சில ஆண்டுகள் காத்திருக்க வேண்டும். இங்கே தலைகீழ். முதல் நாளே கையில் கம்பு கொடுத்துவிடுவார்கள்.

கம்பு பொதுவாகப் பிரம்பில் செய்யப்படும். நீளம் சுமார் 70 சென்டிமீட்டர். பிரம்புக்கு ஒரு குணம் உண்டு. அடிபட அடிபட நார் நாராகப் பிரியுமே தவிர, கூர்மையான சிம்புகளாக உடைந்து கண்ணில் பாயாது. எடையும் குறைவு. பயிற்சிக்கு அதனால்தான் அது பொருத்தம்.

கம்பில் தொடங்குவதற்குக் காரணம் மூன்று.

முதலாவது, கோணங்கள். எஸ்கிரிமாவில் 'இந்த அடிக்கு இந்தத் தடுப்பு' என்று நூற்றுக்கணக்கில் மனப்பாடம் செய்வதில்லை. தாக்குதல் எந்தத் திசையிலிருந்து வருகிறது என்று மட்டும் பார்ப்பார்கள். வலது மேலிருந்து ஒரு கோணம், இடது மேலிருந்து ஒன்று, வயிற்றை நோக்கிக் குத்து ஒன்று என்று எண் கொடுத்துவிடுவார்கள். பல பள்ளிகளில் 12 கோணங்கள். சிலவற்றில் 5 மட்டுமே. வருவது கம்பாக இருந்தாலும் கத்தியாக இருந்தாலும் கையாக இருந்தாலும் கோணம் அதேதான்.

இரண்டாவது, வேகம். கம்பின் நுனி கையைவிடப் பல மடங்கு வேகமாக நகரும். அதைப் பார்த்துப் பழகிய கண்ணுக்கு வெறுங்கைக் குத்து கொஞ்சம் மெதுவாகத் தெரிய ஆரம்பிக்கும்.

மூன்றாவது, மரியாதை. விரலில் ஒருமுறை பிரம்படி வாங்கியவர், ஆயுதம் இருப்பவரிடம் அலட்சியமாக நெருங்க மாட்டார்.

வகுப்பில் என்னதான் நடக்கும்?

வீடியோவில் பார்த்த இரட்டைக் கம்புப் பயிற்சிக்கு 'சினவாலி' என்று பெயர். மூங்கிலைக் கீறிப் பின்னும் பாயிலிருந்து வந்த சொல். இரண்டு கம்புகளும் பாய் பின்னுவதுபோல் குறுக்கும் நெடுக்குமாகப் போகும். இடது கையும் வலது கைக்குச் சமமாக வேலை செய்யக் கற்றுக்கொள்கிறது.

'எஸ்பாடா இ டாகா' என்பது ஒரு கையில் நீண்ட ஆயுதம், மறு கையில் குறுங்கத்தி. ஸ்பானிய வாள்வீச்சின் சாயல் இதில் தெரியும். 'ஹுபுத்' என்பது கையோடு கை ஒட்டிய நிலையில் மாறி மாறி அடித்தும் தடுத்தும் பழகும் சுழற்சிப் பயிற்சி.

தூரத்தையும் மூன்றாகப் பிரிப்பார்கள். கம்பின் நுனி எதிராளியின் கையை மட்டும் எட்டும் தூரம் 'லார்கோ'. உடலை எட்டும் தூரம் 'மெடியோ'. முழங்கையும் தலையும் மோதும் அளவுக்கு நெருக்கம் 'கோர்ட்டோ'.

கால்வைப்பு முக்கோண வடிவில் இருக்கும். நேராகப் பின்வாங்கினால் தாக்குபவர் துரத்திக்கொண்டே வருவார். சாய்வாக விலகினால் அவருடைய அடி வெற்றிடத்தில் விழும். பார்க்க எளிது. உடம்பில் ஏறப் பல மாதங்கள் ஆகும்.

மெகல்லனின் கை ஞாபகம் இருக்கிறதா? அந்தக் கொள்கைக்கு இந்தக் கலையில் 'பாம்பின் பல்லைப் பிடுங்குவது' என்று பெயர். கடிக்க வரும் பாம்பின் பல் போய்விட்டால் அது வெறும் கயிறு. தலையை அடிக்கப் பாய்வதற்குப் பதில், கத்தி பிடித்திருக்கும் கையை எட்டி அடித்துவிட்டு விலகு. நீ அவனுக்குப் பக்கத்தில் போக வேண்டிய தேவையே இல்லை.

இங்கேதான் சிக்கல்

மேலே சொன்னதில் ஒரு விஷயத்தைக் கவனித்தீர்களா? அடிப்பவர் கையிலும் கம்பு இருக்கிறது.

வேலை முடிந்து வீட்டுக்குப் போகும்போது உங்கள் கையில் கம்பு இருக்காது. இருப்பது கைப்பேசி, பை, குடை. தாக்க வருபவர் முன்கூட்டியே சொல்லிவிட்டு வரப்போவதில்லை. எதிரே நின்று, முதல் கோணத்தில், ஒரே ஒரு முறை வெட்டிவிட்டு, நீங்கள் பிடுங்குவதற்காகக் கையை நீட்டியபடி நிற்கப்போவதும் இல்லை.

நிஜக் கத்தித் தாக்குதல் பெரும்பாலும் மிக அருகில் நடக்கும். ஒரு கை உங்கள் சட்டையைப் பிடிக்கும். மறு கை திரும்பத் திரும்பக் குத்தும், இழுக்கும், குத்தும். கத்தியையே பார்க்காமல், யாரோ குத்துவிட்டார்கள் என்று நினைத்தவர்கள் உண்டு.

உடலும் ஒத்துழைக்காது. பயத்தில் இதயத் துடிப்பு எகிறும். கை நடுங்கும். பார்வை குறுகும். விரல்களால் செய்யும் நுணுக்கமான பிடிகள் அந்த நேரத்தில் கைகொடுக்காமல் போகலாம்.

தூரமும் ஏமாற்றும். 1983இல் அமெரிக்கக் காவல்துறைப் பயிற்றுநர் டெனிஸ் டியூலர் ஒரு சோதனையைப் பற்றி எழுதினார். இடுப்பில் துப்பாக்கி இருக்கும் அதிகாரியை நோக்கி ஒருவர் கத்தியோடு ஓடிவந்தால் என்ன ஆகும்? 21 அடி தூரத்தை, அதாவது சுமார் 6.4 மீட்டரை, அவர் ஏறக்குறைய ஒன்றரை விநாடியில் கடந்துவிடுகிறார். ஒரு எம்ஆர்டி ரயில் பெட்டியின் அகலத்தைப்போல் இரு மடங்கு தூரம் அது. துப்பாக்கியை உருவிச் சுடவே அந்த நேரம் சரியாகிவிடும். அப்படியிருக்க வெறுங்கையோடு நிற்பவரின் நிலை?

நம்பிக்கை வரவில்லையா? வீட்டிலேயே ஒரு சோதனை செய்து பார்க்கலாம். பழைய வெள்ளைச் சட்டை போட்டுக்கொள்ளுங்கள், கண்ணுக்குப் பாதுகாப்புக் கண்ணாடி மாட்டிக்கொள்ளுங்கள். நண்பரிடம் ஒரு சிவப்பு மார்க்கர் பேனாவைக் கொடுங்கள். "நிஜமாவே குத்துற மாதிரி வா" என்று சொல்லுங்கள். பேனாவைப் பிடுங்கப் பாருங்கள். பிறகு சட்டையில் எத்தனை சிவப்புக் கோடுகள் என்று எண்ணுங்கள்.

பல ஆண்டுகள் பயின்றவர்கள் சட்டையிலும் கோடுகள் விழும். அதை ஒப்புக்கொள்ளும் ஆசிரியர்தான் நல்ல ஆசிரியர்.

அப்போ கத்துக்கிட்டு என்ன பயன்?

பயன் இருக்கிறது. ஆனால் அது வீடியோ காட்டும் இடத்தில் இல்லை.

தூரம் பற்றிய உணர்வு வரும். ஒருவர் எவ்வளவு அருகில் வந்தால் ஆபத்து என்று உடம்புக்கே தெரிய ஆரம்பிக்கும். சண்டை தொடங்குமுன்பே ஓரடி விலகி நிற்கப் பழகுவீர்கள்.

கைகளைக் கவனிக்கக் கற்றுக்கொள்வீர்கள். மிரட்டுபவரின் முகத்தைப் பார்ப்பது இயல்பு. காயப்படுத்துவது கைதான். ஒரு கை சட்டைப் பைக்குள்ளோ முதுகுக்குப் பின்னாலோ போனால் அது உங்கள் கண்ணில் படும்.

உறையாமல் நகரப் பழகுவீர்கள். எதிர்பாராத அடி வரும்போது பலர் கல்லாக நின்றுவிடுகிறார்கள். வேகமாக வரும் கம்பை வாரம் இருமுறை பார்த்துப் பழகியவர், குறைந்தது கையைத் தூக்கி விலகவாவது செய்வார். கையில் இருக்கும் குடையையோ பையையோ இடையில் வைத்துக்கொண்டு வாசலை நோக்கி நகரவும் செய்வார்.

எல்லாவற்றுக்கும் மேலாக, கத்தி என்ன செய்யும் என்று தெரிந்தவருக்குச் சண்டைபோடும் ஆசை குறையும். பணப்பையைக் கேட்டால் கொடுத்துவிடுவார். "என்னை யாருன்னு நெனச்சே?" என்று மார்பை நிமிர்த்திக்கொண்டு போக மாட்டார்.

உடலுக்கும் நல்லது. இரண்டு கைகளும் சமமாக வேலை செய்யும். கவனம் கூடும். வயதானவர்களும் செய்யலாம். உடல் பலம் குறைந்தவர்களும் நன்றாகச் செய்யக்கூடிய கலை இது. நேரம் பார்த்து நகர்வதும் சரியான கோணத்தில் நிற்பதும்தான் இங்கு முக்கியம்.

நல்ல வகுப்பை எப்படிக் கண்டுபிடிப்பது?

சேருமுன் ஒரு வகுப்பை உட்கார்ந்து பாருங்கள். இந்தக் கேள்விகளை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

ஒத்துழைக்காத பயிற்சி உண்டா? மெதுவான, திட்டமிட்ட பயிற்சி தொடக்கத்துக்குத் தேவை. ஆனால் எங்காவது ஒரு கட்டத்தில், தலைக்கவசம் அணிந்து, பஞ்சு வைத்த கம்போடு, அடுத்து என்ன வரும் என்று தெரியாமல் மோதிப் பார்க்க வேண்டும். அது இல்லாத வகுப்பில் நீங்கள் நடனம் கற்கிறீர்கள். நல்ல நடனம்தான். தற்காப்பு என்று அதை எண்ணிவிடக் கூடாது.

போட்டியையும் தற்காப்பையும் ஆசிரியர் பிரித்துச் சொல்கிறாரா? போட்டிகளில் கனமான கவசம் இருப்பதால், இருவரும் ஒருவரையொருவர் தலையில் மாறி மாறி அடித்துப் புள்ளி சேர்ப்பதைப் பார்க்கலாம். விளையாட்டுக்கு அது சரி. கவசம் இல்லாத தலைக்கு ஒரு அடியே போதும்.

தப்பியோடுவது பாடத்தில் இருக்கிறதா? பேச்சால் பதற்றத்தைத் தணிப்பது, வெளியேறும் வழியைப் பார்த்துவைப்பது, உதவி கேட்டுக் கத்துவது, இவையும் பயிற்சிதான்.

பாதுகாப்பு எப்படி? கண்ணுக்கும் விரலுக்கும் காப்பு உண்டா? பயிற்சிக்கு ரப்பர், மரக் கத்திகள்தானா? மாணவர்கள் கையில் நிஜக் கத்தியைக் கொடுக்கும் வகுப்பிலிருந்து எழுந்து வந்துவிடுங்கள்.

"மூணே மாசத்துல எந்தக் கத்தியையும் பிடுங்கிடலாம்" என்று யாராவது சொன்னால்? நன்றி சொல்லிவிட்டு வெளியே வாருங்கள்.

சிலம்பம் தெரிந்தவர்களுக்கு எளிதா?

சிலம்பம் கற்ற இளையர்கள் சிங்கப்பூரிலும் மலேசியாவிலும் உண்டு. அவர்களிடம் இந்தக் கேள்வி கட்டாயம் வரும்.

ஒற்றுமை நிறைய. இரண்டிலும் கால்வைப்பு உயிர்நாடி. இரண்டிலும் கம்புதான் தொடக்கம். மணிக்கட்டின் சுழற்சியும் உதவும். ஆனால் சிலம்பக் கம்பு ஆள் உயரத்துக்கு நெருக்கமானது. பெரும்பாலும் இரு கைகளாலும் பிடிப்போம், எதிராளியைத் தள்ளியே வைப்போம். எஸ்கிரிமாவில் குறுங்கம்பு. ஒற்றைக் கை அடிக்கும்போது மறு கை சும்மா இருக்காது. எதிராளியின் கையைத் தட்டும், பிடிக்கும், தள்ளும். அதை 'உயிருள்ள கை' என்பார்கள். அந்த நெருக்கமான தூரத்துக்குப் பழகச் சிலம்பக்காரர்களுக்குக் கொஞ்ச நாள் பிடிக்கும்.

ஒன்றிலிருந்துதான் மற்றொன்று பிறந்தது என்று சிலர் அடித்துச் சொல்வார்கள். அதை நிரூபிக்கும் வரலாற்றுச் சான்று கிடைக்கவில்லை. கம்பும் கத்தியும் இருந்த எல்லா ஊரிலும் அதை வீசக் கற்றவர்கள் இருந்திருக்கிறார்கள்.

சட்டம் என்ன சொல்கிறது?

இதைத் தெரிந்துகொள்ளாமல் கம்பைத் தொடாதீர்கள்.

சிங்கப்பூர், மலேசியா இரண்டின் தண்டனைச் சட்டத்துக்கும் மூலம், 1860இல் இந்தியாவுக்காக இயற்றப்பட்ட தண்டனைச் சட்டம். இரண்டிலும் 96ஆம் பிரிவிலிருந்து தற்காப்பு உரிமை விவரிக்கப்படுகிறது. உங்கள் உடலையும் மற்றவர் உடலையும் காக்க உங்களுக்கு உரிமை உண்டு.

அதற்கு எல்லையும் உண்டு. தற்காப்புக்குத் தேவையான அளவைவிட அதிகமாகக் காயப்படுத்தக் கூடாது. காவல்துறையின் உதவியை நாட அவகாசம் இருந்தால் அதைத்தான் செய்ய வேண்டும். ஆபத்து நீங்கியதும் உரிமையும் முடிந்துவிடும். கத்தியைக் கீழே போட்டுவிட்டு ஓடுபவரைத் துரத்திப்போய் அடித்தால் அதைத் தற்காப்பு என்று சொல்ல முடியாது. அப்போது குற்றவாளிக் கூண்டில் நிற்கப்போவது நீங்களாக இருக்கலாம்.

"சும்மா பாதுகாப்புக்குத்தானே" என்று பையில் கத்தி வைத்துக்கொள்வதும் கூடாது. தகுந்த காரணமின்றிப் பொது இடத்தில் தாக்கும் ஆயுதம் வைத்திருப்பது இரு நாடுகளிலும் சிறைத் தண்டனைக்கும் பிரம்படிக்கும் இட்டுச்செல்லக்கூடிய குற்றம். பயிற்சிக் கம்பை வகுப்புக்குக் கொண்டுபோகும்போது பையில் மூடி எடுத்துச் செல்லுங்கள். இணையத்தில் கத்தி வாங்குமுன் அது அனுமதிக்கப்பட்டதா என்று காவல்துறையிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

கலை பிறந்த பிலிப்பீன்ஸிலும் இதே கதைதான். பிழைப்புக்கோ சட்டபூர்வமான வேறு காரணத்துக்கோ அன்றி, வீட்டுக்கு வெளியே போலோ, கிரிஸ் போன்ற கத்திகளை எடுத்துச்செல்வது அங்கு 1970களிலிருந்தே குற்றம்.

உண்மையில் ஆபத்து வந்தால்?

சிங்கப்பூரில் 'எஸ்ஜி செக்கியூர்' இயக்கம் தாக்குதல் நேரத்தில் செய்யச் சொல்வது மூன்று: ஓடுங்கள், ஒளிந்துகொள்ளுங்கள், தெரியப்படுத்துங்கள்.

எஸ்கிரிமா அறிந்தவர்களுக்கும் அதேதான். ஓட வழி இருந்தால் ஓடிடுங்க. அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. வழி இல்லையென்றால் நாற்காலி, பை, மேசை என்று எதையாவது இடையில் போடுங்கள். பாதுகாப்பான இடத்துக்கு வந்ததும் 999ஐ அழையுங்கள்.

யாருக்காவது காயம் பட்டிருந்தால் இன்னும் மூன்று: அழுத்துங்கள், கட்டுங்கள், தெரியப்படுத்துங்கள். ரத்தம் வரும் இடத்தைச் சுத்தமான துணியால் பலமாக அழுத்திப் பிடியுங்கள். துணியை வைத்தே இறுக்கிக் கட்டுங்கள். 995க்கு அழைத்து நிலைமையைச் சொல்லுங்கள். குத்திய பொருள் உடலில் மாட்டிக்கொண்டிருந்தால் அதைப் பிடுங்காதீர்கள். தாக்கப்பட்டவர், தமக்குக் காயமே இல்லை என்று நினைத்துக்கொண்டிருக்கலாம். தப்பித்த பிறகு உடலைக் கையால் தடவிப் பார்ப்பது நல்லது.

கத்தியைப் பிடுங்கும் வித்தையைக் கற்றுக்கொள்ள ஆண்டுகள் ஆகும். ரத்தத்தை நிறுத்தும் வித்தையை ஒரு வார இறுதி முதலுதவி வகுப்பிலேயே கற்றுக்கொள்ளலாம். உயிர் காக்கத்தான் வகுப்புத் தேடுகிறீர்கள் என்றால் இரண்டிலும் பெயர் கொடுங்கள்.

வகுப்பில் சேர்ந்தால் முதல் நாளே விரலில் ஓர் அடி விழும். வலிக்கும். அந்த வலி பிரம்பினுடையது என்பதை மட்டும் மறக்காதீர்கள்.